முன்கண்ணாடிக்கு மேலே

மாதம் நாலாயிரத்து ஐந்நூறு.
பிரதி மாதம் ஐந்தாம் தேதிக்குள்.
தீர்ப்பு நகலை முத்திரை காயுமுன்னே மடித்துவிட்டேன்.
அதனால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு முத்திரை,
தலைகீழாக.

ஏழு மாதம் வந்தது.
பிறகு வங்கிப் புத்தகத்தில்
ஏறியதெல்லாம் வட்டி மட்டும்,
மூன்று ரூபாய், நான்கு ரூபாய்.
போன் போட்டால்
"கதலி வெல ஏறட்டும்" என்றான்.
ஏறியது.
"ஏத்தனுக்குக் காத்து அடிச்சிட்டு" என்றான்.
அடித்ததுதான், அவன் வயலில் இல்லை.

"எத்தன மாசம் பாக்கி?"
பாளையங்கோட்டையில் வக்கீலம்மா கேட்டாள்.
பதினாலு.
"பன்னெண்டுதான் கேக்கலாம்.
ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டிருக்கணும்.
முந்தின ரெண்டும் காலாவதி."

மருந்துக் கடையில்தான்
அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன்.
அந்த ரெண்டு மாசமும் எனக்குப் பசிச்சுதே, அம்மா.
அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.
துடைத்துவிட்டு
ஐம்பத்து நாலாயிரம் என்றே எழுதினாள்.

வாரண்டு மூன்று முறை போனது.
மூன்று முறையும் திரும்பி வந்தது:
எதிர்மனுதாரர் ஊரில் இல்ளை.
மூன்றிலும் அதே எழுத்துப்பிழை.
ஊரில் இல்லாத நம்பித்துரையை
தார் ஏலத்தில் நேற்றுகூடப் பார்த்ததாக
பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்,
நான் கேட்காமலே.

"நீதாம்மா அடையாளம் காட்டணும்,"
புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டு.
சரி என்றேன்.
பதினோரு வருஷம் பார்த்த முகம்.

களக்காட்டுச் சந்தை, காலை நாலு மணி.
மலையிலிருந்து குளிர் இறங்குகிறது.
தார்கள் தலைகீழாய் அடுக்கிய லாரிகள்
எல்லாமே ஒன்றுபோல.
எப்படிக் கண்டுபிடிப்பே என்றார்.
டார்ச்சை வாங்கி
முன்கண்ணாடிக்கு மேலே அடித்தேன்.

என் அஞ்சு பவுன் சங்கிலியில் வந்த வண்டி.
அன்று பெயிண்டர் எழுதிய மஞ்சள் எழுத்து:
வடிவு துணை.
முதல் சொல்லின் மேல் பச்சை பூசி
அண்ணன் பெயரை எழுதியிருக்கிறான்.
பூச்சுக்கு அடியில் என் 'டி'யின் வளைவு
தழும்பு மாதிரி புடைத்து நிற்கிறது.
இரண்டாம் சொல்லைத் தொடவில்லை.
எதற்கு வீண் செலவு என்று நினைத்திருப்பான்.

"ஆர்.சி. அழகியநம்பி பேர்ல இருக்கு.
வண்டியத் தொட முடியாது" என்றார் ஏட்டு.
வண்டி வேண்டாம், சார்.
உள்ளே தூங்குறவர எழுப்புங்க.

கைலியை இறுக்கிக்கொண்டு இறங்கினான்.
என்னைப் பார்க்கவில்லை, டார்ச்சைப் பார்த்தான்.
"எட்டி, நீயா" என்றான்,
கடன் கேட்க வந்தவளிடம் சொல்வதுபோல.
ஆமாம்,
கடன் கேட்கத்தான்.

கட்டுகிறாயா, உள்ளே போகிறாயா
என்றார் நீதிபதி, அதைவிட மரியாதையாக.
உள்ளே போனாலும் கடன் தீராது என்பதையும்
இரண்டு முறை சொன்னார்.
இரண்டாம் முறைதான் அவனுக்குக் கேட்டது.
மத்தியானத்துக்குள் அழகியநம்பி வந்தான்,
வேட்டி மடிப்பில் பதினெட்டாயிரம்.
மீதிக்கு வாய்தா.

நோட்டுகளில் வாழைக்கறை.
எனக்குத் தெரியும் அந்தக் கறை.
எலுமிச்சைக்கும் போகாது, சவக்காரத்துக்கும் போகாது.
எத்தனை சட்டைகளைக் கல்லில் அடித்திருக்கிறேன்,
பழுப்பு கறுப்பானதுதான் மிச்சம்.
எச்சில் தொடாமல் எண்ணினேன்.
வெள்ளைத் தாளில் ரசீது எழுதி
கையெழுத்துப் போட்டேன்:
சு. வடிவு.
தகப்பன் பெயரின் முதலெழுத்து திரும்பி வந்து
இரண்டு வருஷம் ஆகிறது.
இன்னும் கை ஒரு கணம் நிற்கிறது அங்கே.

கோர்ட்டுக் கணக்கில் பாக்கி எட்டு மாதம்.
சேரன்மாதேவி வழி வண்டியில்
ஜன்னலோரம் கிடைத்தது.
பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன்.
பாக்கி பத்து என்று எழுதினேன்.

நாளை மறுநாள் ஐந்தாம் தேதி.